செரேசோ மேல் போட்ட பழி

திருகோணமலையில் ஐம்பதைத் தாண்டிய உதைபந்தாட்டக்காரர் நாலு பேர் ஒரு பிளேன்ரீக்கு உட்கார்ந்தால், பேச்சு எந்த வழியால் போனாலும் 82 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துப் பிரேசில் அணியில்தான் வந்து நிற்கும். சிக்கோ, சோக்ரட்டீஸ், பல்காவோ, எடெர் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். அடுத்தது இத்தாலியிடம் தோற்ற கதை. அந்தத் தோல்விக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே தீர்ப்பு: செரேசோ ஒரு பந்தை எதிரியின் காலில் கொடுத்தான், பாவ்லோ ரொசி அடித்தான், கதை முடிந்தது. என் மச்சான், மனைவியின் தமையன், அந்தக் காலத்து றைற் பெக். செரேசோவின் பெயரைக் கேட்டாலே அவருக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தை எங்களில் ஒருவருமே பார்த்திருக்கவில்லை. 1982 ஜூலை 5 ஆம் திகதி பார்சலோனாவில் இது நடந்தபோது எங்கள் வீட்டில் ரீவி இல்லை. முடிவு பத்திரிகையில் வந்தது. சில வருடம் கழித்து, சவுதிக்கு வேலைக்குப் போன ஒருவர் கசெற் ஒன்று கொண்டுவந்தார். டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் ஓட்டுகிற காலம் அது. மடத்தடியில் ஒரு வீட்டு முற்றத்தில், இரண்டு படத்துக்கு நடுவில் அந்தக் கசெற்றையும் போட்டார்கள். அதில் இருந்தது கோல்களும் சில நல்ல உதைகளும் மட்டும், அரை மணித்தியாலம்கூட வராது. எங்கள் தீர்ப்பு அந்தச் சுருக்கத்தில் பிறந்ததுதான்.

இப்போது மாலையில் பொடியன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மாரி பிடித்துவிட்டால் மைதானத்தில் தண்ணீர் நின்றுவிடும், பயிற்சியும் நின்றுவிடும். அப்படியொரு மழை வாரத்தில்தான் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தது. இணையத்தில் முழு ஒளிபரப்பும் கிடைக்கிறது. மச்சானைக் கூப்பிட்டேன். கிண்ணியாவில் இருந்து நாநா ஒருவரையும் கூப்பிட்டேன். அவர் எங்கள் அணிக்கு எதிராக விளையாடிய சென்ரர் பெக். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை அவர்களோடு மற்ச் என்றால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். தோற்றுவிட்டுத் திரும்பும்போது அந்தப் பாதை நகருவதே தெரியாது. பொடியன்களில் பெரும்பாலானோர் திருக்கடலூர் மீனவப் பிள்ளைகள். கடல் கொந்தளிப்பு என்பதால் வீட்டில்தான் நின்றார்கள்.

பழைய ஆட்டம் பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ரிமோட்டைப் பற்றி. அந்தக் கால ஒளிபரப்பு 4:3 அளவில், கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். இன்றைய ரீவி அதை இரண்டு பக்கமும் இழுத்துத் திரையை நிரப்பப் பார்க்கும். அப்படியே விட்டால் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒல்லி மனிதர் சோக்ரட்டீஸ் குட்டையாய்த் தடித்துத் தெரிவார், மைதானத்தின் அளவும் கண்ணுக்குப் பிழைக்கும். படத்தின் அளவை 4:3 என்று வைத்தால் ஓரங்களில் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். போனில் பார்க்க வேண்டாம். படம் தெளிவில்லாதது, பந்து ஒரு புள்ளியாகி மறைந்துவிடும். ரீவியில்கூடக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தான் கண்ணுக்குச் சுகம். மழைக் காலத்தில் இணையத்தை நம்பவும் வேண்டாம், முதல் நாள் இரவே இறக்கி வைப்பது நல்லது.

அடுத்தது பெயர்ப் பட்டியல். சேர்ட்டின் முதுகில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். இரண்டு அணியின் பதினொரு பேரையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ரீவிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இத்தாலியின் இலக்கங்கள் ஆளைக் குழப்பும். ஒன்பது என்றால் முன்வரிசை என்று நினைப்போம், ஆனால் ஒன்பது போட்ட அன்டொன்யோனி நடுக்களத்துக்காரர். கோல் அடிக்கிற ரொசிக்கு 20. திரையில் ஓடுகிற கடிகாரமும் கிடையாது. நடுவர் விசில் ஊதியதும் போனில் நேரத்தை ஓடவிட்டோம். இது சின்ன விசயம் இல்லை. எந்த நிமிடத்தில் நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் விளையாட்டு வீரனின் அவசரமும் தெரியாது, சோம்பலும் தெரியாது.

சட்டங்களையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லத் தொடங்கு முதலே ஒருவன் கேட்டுவிட்டான்: "மாமா, சொந்த ஆள் காலால குடுத்த பந்தைக் கோலி கையால எடுக்கிறார். ஃபவுல் இல்லையா?" அப்போது ஃபவுல் இல்லை, 1992 இல்தான் அந்தச் சட்டம் மாறியது. தடுப்பாளன் எப்போது வேண்டுமானாலும் கோலியிடம் திருப்பிக் கொடுத்து மூச்சு வாங்கலாம். மாற்று ஆட்கள் இரண்டு பேர் மட்டும். கடைசித் தடுப்பாளனோடு ஒரே வரிசையில் நின்றாலும் அன்றைக்கு ஓஃப்சைட்தான், 1990 இல்தான் அதைத் தளர்த்தினார்கள். இதெல்லாம் தெரியாமல் பார்த்தால் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் மந்தமாகத் தெரிவார்கள்.

வர்ணனையை முதல் பாதியில் நிறுத்தி வைத்தேன். வர்ணனையாளர் பெயர் சொல்கிற ஆளைத்தான் கண் தேடும், மற்ற இருபத்தொரு பேரும் காணாமல் போவார்கள். அதோடு பொடியன்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீரனைப் பிரித்துக் கொடுத்தேன். பந்து எங்கே போனாலும் போகட்டும், உன்ர ஆள் என்ன செய்கிறான் என்று மட்டும் பார். சிக்கோவுக்கு அடிபாடு. செரேசோவை ஒருவரும் கேட்கவில்லை, கடைசியாக வந்து குந்திய சின்னவன் ஒருவனிடம் அவர் போய்ச் சேர்ந்தார். இந்த ஏற்பாட்டால் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டத்துக்கு முன் நிலைமை இது. இரண்டாம் சுற்றில் மூன்று அணிக் குழு: பிரேசில், இத்தாலி, ஆர்ஜென்டினா. பிரேசில் ஆர்ஜென்டினாவை 3-1 என்று வென்றிருந்தது, இத்தாலி 2-1 என்று. ஆகவே பிரேசிலுக்குச் சமநிலை போதும். இத்தாலியோ முதற் சுற்றில் மூன்று ஆட்டத்தையும் சமன் செய்து தட்டுத்தடுமாறி வந்த அணி. சொந்த நாட்டுப் பத்திரிகைகள் கிழித்ததால் வீரர்கள் செய்தியாளர்களோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். ரொசி, ஆட்ட முடிவுகளை விற்ற ஊழலில் இரண்டு வருடத் தடை அனுபவித்துவிட்டு அந்த வசந்தத்தில்தான் திரும்பியவர். அந்த உலகக் கிண்ணத்தில் அதுவரை நாலு ஆட்டம், ஒரு கோல் இல்லை.

ஐந்தாம் நிமிடம். இடப்பக்கத்தில் இத்தாலியின் கப்ரினிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பார்த்துத் தூக்கிப் போடுகிறார், தூரக் கம்பத்துப் பக்கம் தனியாக வந்த ரொசி தலையால் முட்டுகிறார். கசெற்றில் நாங்கள் பார்த்தது அந்த முட்டலை. இப்போது பார்த்தது அந்த வெற்றிடத்தை. பிரேசிலின் நடுக்களத்து நாலு பேரும் உள்ளே உள்ளே வந்து விளையாடுகிற ஆட்கள், வலது ஓரத்தில் நிரந்தரமாக நிற்பவர் இல்லை. அதனால் தாக்கும்போது அழகு, பந்து பறிபோனால் அந்த ஓரம் வெட்டை. இதை மச்சானே முதலில் பிடித்தார். றைற் பெக் கண் அல்லவா. "அவங்கட றைற் பெக் லெயாண்ட்ரோவுக்கு முன்னால உதவிக்கு ஒருத்தனும் இல்லை. நான் நிண்டிருந்தா அண்டைக்கே கத்தியிருப்பன்."

பன்னிரண்டாம் நிமிடக் கோலுக்கு வீட்டில் கைதட்டல். சிக்கோவின் சேர்ட்டுக்குள் குடியிருந்தவர் இத்தாலித் தடுப்பாளர் கிளவ்டியோ ஜென்ட்டிலே. அவரை ஒரு திருப்பலில் ஏமாற்றிவிட்டு சிக்கோ பந்தைத் தள்ள, சோக்ரட்டீஸ் ஓடிவந்து இத்தாலிக் கோலி சோஃப்புக்கும் கிட்டக் கம்பத்துக்கும் இடையில் அடிக்கிறார். பந்து கோட்டைத் தொடும்போது சுண்ணாம்புத் தூள் எழும்புகிறது. அதைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார்கள், நானும் போட்டேன். அதே பாதியில் ஜென்ட்டிலே இழுத்த இழுவையில் சிக்கோவின் சேர்ட் கிழிந்து, அதை நடுவரிடம் காட்டிக்கொண்டு நிற்கிறார். பொடியன்கள் சிரித்தார்கள். நாநா சிரிக்கவில்லை. "அது தொழில், தம்பி" என்றார்.

பிறகு அந்த 25 ஆம் நிமிடம். பிரேசிலின் பின்வரிசைக்கு முன்னால் செரேசோ பந்தைக் குறுக்காகக் கொடுக்கிறார். ரொசி பாய்ந்து எடுத்து, பெட்டியின் விளிம்பில் இருந்து அடிக்கிறார். 2-1. மச்சான் கையை விரித்தார்: பார்த்தீங்களா, சொன்னேனே. நாநா ரிமோட்டை வாங்கி ஐந்து விநாடி பின்னால் போட்டார். "குடுத்தவனை விடுங்க. மத்தவங்களப் பாருங்க." குறுக்காக வந்த அந்தப் பந்து பல்காவோவுக்கா, லூயிசின்யோவுக்கா, ஜூனியருக்கா? மூன்று பேரும் நிற்கிறார்கள், மூன்று பேரும் மற்றவன் எடுப்பான் என்று பார்க்கிறார்கள். ரொசி மட்டும்தான் பந்தைப் பார்க்கிறார். "பிழையாக் குடுத்தது ஒருத்தன். நித்திரை கொண்டது மூணு பேர்" என்றார் நாநா.

இடைவேளையில் இரண்டு பேர் போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறு நிமிடம் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு பாதியையும் இரண்டு நாளில் போட்டிருந்தால் அவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் பாதிக்கு ஒலியைத் திறந்துவிட்டேன். அரங்கின் இரைச்சலைக் கேட்டதும் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

68 ஆம் நிமிடம். இடப்பக்கத்தில் இருந்து உள்ளே வந்த ஜூனியர், பல்காவோவுக்குப் பந்தைக் கொடுக்கிறார். பல்காவோ பெட்டிக்கு வெளியே நிற்கிறார், முன்னால் இத்தாலிக்காரர்கள். அந்த நேரம் அவருக்குப் பின்னால் இருந்து ஒருவர் வெளிப்பக்கமாகச் சுற்றி வலது ஓரத்தால் பெட்டிக்குள் ஓடுகிறார். பந்து அங்கேதான் போகப் போகிறது என்று தடுப்பாளர்கள் அவரோடு இழுபட்டுப் போகிறார்கள். நடுவில் கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது. பல்காவோ உள்ளே வெட்டி இடக்காலால் அடிக்கிறார். 2-2. பல்காவோ கையை முறுக்கிக் கத்திக்கொண்டு ஓடுவதைத்தான் எல்லாச் சுருக்கங்களும் காட்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் கத்தலுக்கு மேலால் இன்னொரு கத்தல் கேட்டது. "மாமா, அது என்ர ஆள்! ஓடினது என்ர ஆள்!"

சின்னவன்தான். திருப்பிப் போட்டுப் பார்த்தோம். இலக்கம் 5. செரேசோ.

நாற்பது வருடத்துக்கு மேலாகப் பழி சுமந்தவர், தன் அணியை மீட்ட கோலுக்கும் வழி திறந்திருக்கிறார். பந்து அவர் காலில் படவே இல்லை, ஆகவே எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை. இப்படிப்பட்ட ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் கைதட்டல் கிடைப்பதில்லை. எங்கள் கிளப்பிலும் அப்படி ஓடிய ஒருவர் இருந்தார், அவரைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

மச்சான் மசியவில்லை. "ஓடினது சரி. ஓட வேண்டிய நிலைமைக்குக் கொண்டு வந்தது ஆர்?" அதற்கும் பதில் சொல்ல ஒருவரும் அவசரப்படவில்லை, ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. சமநிலை வந்துவிட்டது, அதுவே பிரேசிலுக்குப் போதும். பிறகும் புத்தியில்லாமல் முன்னேறி, திறந்து கிடந்து தோற்றார்கள் என்பதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்த கதையின் மறுபாதி. திரையில் அப்படி இல்லை. கோல் விழுந்த கையோடு பயிற்சியாளர் டெலே சந்தானா முன்வரிசை செர்ஜின்யோவை எடுத்துவிட்டு பாவ்லோ இசிதோரோவை விடுகிறார். கொஞ்சம் இறுக்கத்தான் பார்த்திருக்கிறார். 74 ஆம் நிமிடத்தில் விழுந்த மூன்றாம் கோலும் எதிர்த்தாக்குதலில் வந்ததில்லை. அது ஒரு கோர்ணர். பந்தைச் சரியாக வெளியேற்றவில்லை, தார்தெல்லி அரைகுறையாக அடித்தார், நடுவில் நின்ற ரொசி காலை வைத்துத் திருப்பினார். ஓஃப்சைட் என்று கையை உயர்த்தியபடி கோட்டில் நிற்கிறார் ஜூனியர். ரொசியை ஓஃப்சைட் இல்லாமல் ஆக்கியதே அவர் அங்கே நின்றதுதான். அழகான விளையாட்டு தோற்றது, தந்திரம் வென்றது என்று பெரிய தத்துவமெல்லாம் பேசுகிறோம். ஒரு கோர்ணரைத் துப்புரவாக வெளியேற்றியிருந்தால் அந்தத் தத்துவமே இல்லை.

இத்தாலி வெறும் தடுப்பாட்டம் ஆடிய அணி என்பதும் பொய். ஷிரேயா பின்னால் இருந்து தலையை நிமிர்த்திக்கொண்டு பந்தைக் கொண்டு வருகிற நிதானம், புரூனோ கொன்ட்டியின் ஓட்டம், கொலோவாட்டி காயப்பட்டு வெளியேற உள்ளே வந்த பதினெட்டு வயது பெர்கோமி பயப்படாமல் நின்றது, இதெல்லாம் சுருக்கத்தில் வராது. கடைசி நிமிடங்களில் அன்டொன்யோனி நாலாவது கோலும் அடித்தார். கொடி உயர்ந்ததால் அது போனது. மறுபடி பார்த்தால் அது ஓஃப்சைட் இல்லை. அதற்குப் பிறகு ஒஸ்காரின் தலைமுட்டல். நாற்பது வயது டீனோ சோஃப் கோட்டின் மேலேயே விழுந்து பந்தை அமுக்குகிறார். முடிவு தெரிந்திருந்தும் எல்லாரும் எழும்பிவிட்டோம்.

முடிவு தெரிந்த ஆட்டத்தை ஏன் பார்ப்பது என்று கேட்பார்கள். தெரிந்திருந்தால்தான் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கத் துணிவு வரும். நேரடி ஒளிபரப்பில் அது ஒருவராலும் முடியாது.

மழை விட்டு மைதானம் காய்ந்ததும் இதில் இருந்து மூன்று விசயத்தைப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். சொந்தப் பெட்டிக்கு முன்னால் குறுக்குப் பந்து கொடுத்தால், வாங்குகிறவனின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. முதலில் வெட்கப்பட்டார்கள், இப்போது காது கிழிகிறது. இரண்டாவது, கோர்ணர் பந்து பெட்டியை விட்டு வெளியே போன அந்த நொடியில் கம்பத்தடியில் நிற்பவனும் ஓடி வெளியே வர வேண்டும். கையைத் தூக்குவது நடுவரின் வேலை. மூன்றாவது, பந்து கிடைக்காது என்று தெரிந்தே ஓடுகிற ஓட்டம். பல்காவோவின் கோலை மைதானத்தில் கூம்புகளை வைத்து அப்படியே செய்கிறோம்: ஒருவன் கொடுக்க, ஒருவன் வாங்க, மூன்றாமவன் வெளியால் சுற்றி ஓட. கோல் விழுந்தால் புள்ளி அடித்தவனுக்கு ஒன்று, ஓடியவனுக்கு இரண்டு. புள்ளியைக் கூட்டியதும் ஓடுவதற்கு வரிசை பிடிக்கிறார்கள். ஜென்ட்டிலேயைப் பற்றி ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது நாநாவின் பாடம், அவர் வந்த நாட்களில் பொடியன்களின் சேர்ட்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த மாரிக்கு 1990 உலகக் கிண்ணம். அது தொடங்கியது ஜூன் 8, மிலானில், ஆர்ஜென்டினாவும் கமரூனும். அடுத்த சில நாளில் இங்கே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. யார் வென்றது என்பதை நான் அறிந்தது தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில், யாரோ சாப்பாடு சுற்றி வந்த பத்திரிகைத் துண்டில். நாநாவும் அதில் ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. மச்சான் நேரே பிரேசில் ஆர்ஜென்டினா ஆட்டத்துக்குப் போகலாம் என்கிறார். தொண்ணூறு நிமிடம் அடித்துத் தள்ளியும், மரடோனா கொடுத்த ஒரே பந்தில் கனீஜியா அடிக்க, பிரேசில் வெளியேறிய ஆட்டம் அது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கமரூன் ஒன்பது பேராகக் குறைந்தும் உலகச் சம்பியனை வென்றது என்று சொன்னால் பொடியன்கள் நம்ப மறுக்கிறார்கள், ஆகவே தொடக்க ஆட்டத்தில் இருந்துதான்.